பாலகாட் ஷெட்டில் பூட்டிக் கிடந்த கார்

இதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். நம்பச் சொல்லி நான் கேட்கவும் போவதில்லை, ஏனென்றால் இதே கதையை வேறொருவர் வந்து என்னிடம் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போய் நன்றாகத் தூங்குங்கள் என்று அனுப்பியிருப்பேன். பேய், பிசாசு, காத்துக் கருப்பு என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. என் அப்பா தங்கவயலில் பௌத்தம் தழுவின முதல் ஆட்களில் ஒருவர், தாயத்து மந்திரித்த கயிறு எதுவும் அவர் இருந்தவரை எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அண்டர்கிரவுண்டில் வேலை செய்கிறவர்கள் மூடிப்போன சுரங்கத் தட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது, செத்துப்போனவன் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் பக்கத்தில் வந்து நின்றான் என்றெல்லாம் சொல்லும்போது முகத்துக்கு நேராகச் சிரித்தவன் நான். எனக்கு வேலை மேலே, ஒர்க்ஷாப்பில், ஃபிட்டர் செல்வராஜ் என்பார்கள். ஒரு மிஷின் ஓடினால் அதற்குக் காரணம் உண்டு, நின்றால் அதற்கும் காரணம் உண்டு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை நினைத்தால் எனக்குப் பயம் கொஞ்சம்தான். வெட்கம்தான் அதிகம்.

வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஊரிகத்தில் ஒரு பங்களாவின் பின்பக்கம், புளியமரத்தடியில் ஒரு பிளஷர் கார் கிடந்தது. அமெரிக்கக் கார், யுத்தத்துக்கு முன்னால் வந்த மாடல், எட்டு சிலிண்டர், மூக்கு நீளமாக, பக்கத்துக்கு ஒரு ஃபுட்போர்டு. ஒரு காலத்தில் அதில் துரையும் துரைசானியும் கிளப்புக்குப் போவதை நாங்கள் ரோட்டோரம் ஒதுங்கி நின்று பார்த்திருக்கிறோம். நான் பார்த்தபோது அதன் பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. இரும்பு விலைக்குக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

அதை ஊரிகத்திலிருந்து நாங்கள் குடியிருந்த பாலகாட் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது ஆறு பேர். அதில் முன்னால் நின்று தோள் கொடுத்தவன் ஏழுமலை. எங்கள் லைனிலேயே, கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில், நாலு வீடு தள்ளி இருந்தான், என் வயசுதான், அண்டர்கிரவுண்டில் டிம்பர்மேன், அதாவது பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. அந்தக் காலத்து வண்டிகளுக்குக் கதவு, கூரை எல்லாவற்றுக்கும் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். இந்த வண்டியில் அது முழுக்கச் செல்லரித்துப் போயிருந்தது. எனக்கு இரும்பு தெரியும், மரம் தெரியாது. ஏழுமலைதான் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்த ஈரம்கூடக் காயாமல், ஷெட்டில் உட்கார்ந்து நாலு கதவுக்கும் சட்டம் இழைத்துக் கொடுத்தான். கைம்மாறாக எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ஓடும்போது ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டை வரை ஒரு ரவுண்டு அடி, அது போதும் என்றான். அந்த ரவுண்டை நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

இரண்டு வருஷம் பிடித்தது. பிஸ்டன் ரிங்கை நானே கடைந்தேன். பாடிக்குக் கறுப்புப் பெயின்ட், கை வைத்தால் முகம் தெரியும். சீட்டுக்கு மட்டும் பெங்களூரில் இருந்து சந்தன நிறத்தில் வெல்வெட் வாங்கி வந்து, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு குஷன் கடைக்காரரைப் பிடித்துத் தைத்தேன். அந்த வெல்வெட் மேல் எனக்கு என்ன பைத்தியமோ, நானே உட்காரமாட்டேன், டிரைவர் சீட்டில் துண்டு விரித்துத்தான் உட்காருவேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மிஷினைப் பிரித்து வேலை செய்யும்போது, தெரியாமல் எவனாவது வந்து லீவரைத் தட்டிவிட்டால் உள்ளே கை வைத்திருப்பவன் காலி. அதனால் எதாவது ஒரு முக்கியமான துண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலையில் இறங்குவோம். அந்தப் பழக்கத்தில் காரிலும் ஷெட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ரோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன். கட்டை விரல் அளவு கறுப்புத் துண்டு. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரை அமுக்கினால் இன்ஜின் கரகரவென்று சுற்றும், ஆனால் பிடிக்காது. பெரிய இன்ஜினியரே வந்தாலும் பிடிக்காது. இதில் மட்டும் நீங்கள் என்னை நம்பலாம்.

பெங்களூரில் கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவர் வண்டியை வாங்க ஒப்புக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்று கடிதம் போட்டிருந்தார். மாப்பிள்ளை பெண் உட்கார்ந்து போகிற வண்டி, சீட்டில் ஒரு சின்னக் கறை இருந்தாலும் தொடமாட்டேன் என்று அதில் தனியாக ஒரு வரி. வண்டியை விற்று, கம்பெனி வேலையை உதறிவிட்டு, பெங்களூரில் சொந்தமாக ஒரு ஒர்க்ஷாப் போட வேண்டும் என்பது என் கனவு. மனைவியையும் குடியாத்தத்துக்கு அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பி, மீதிப் பணத்துக்குப் பேசி வைக்கச் சொல்லியிருந்தேன். அந்த ஞாயிறு காலையில் டயரின் வெள்ளைப் பட்டையைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன். மைல் மீட்டரைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன், அவர் கேட்பார் என்று. பன்னிரண்டரை இருக்கும், மிலிட்டரி ஓட்டலில் வாங்கி வந்த சாப்பாடு வீட்டில் ஆறிக்கொண்டிருக்க, ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பானட்டை மூடினேன். அப்போதுதான் பச்சையம்மா ஓடி வந்தாள்.

பச்சையம்மா ஏழுமலையின் சம்சாரம். இரண்டு கையும் முழங்கை வரை ரத்தம்.

"அண்ணா, அவுரு காலு போச்சுண்ணா. வெறகு பொளக்கறப்போ கோடாலி ஜாரி தொடைல எறங்கிடிச்சு. பொடவையக் கிழிச்சி கட்டிக்கீறேன், நிக்கமாட்டேங்குது. வண்டிய எடுண்ணா."

ஆஸ்பத்திரி நாலு மைலுக்கு மேல். ஆம்புலன்ஸ் வேறு ஒரு சுரங்க ஷாஃப்டில் நிற்கிறது என்று கம்பெனி டைம் ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். சம்பளம் போட்ட ஞாயிறு என்பதால் ஜட்கா வண்டிகள் எல்லாம் ஆண்டர்சன்பேட்டை பஜாரில். இதையெல்லாம் அவள் மூச்சு வாங்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா, அவள் கையை. அந்தக் கை கதவில் பட்டுவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கே அது புரிந்ததோ என்னவோ, இரண்டு கையையும் வண்டியில் படாமல் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"வண்டி ஸ்டார்ட் ஆவலம்மா. காலைலருந்து தகராறு பண்ணிக்கினு கீது" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அங்கேயே நின்றாள். ஒரு தரம் பாருண்ணா, ஒரே தரம் என்றாள். நான் கதவைத் திறந்து, துண்டு விரித்து உட்கார்ந்து, ஸ்டார்ட்டரை அமுக்கிக் காட்டினேன். ரோட்டர் என் பையில் இருந்தது. கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். மூன்றாம் தரமும் அமுக்கினேன். முகத்தைச் சோகமாக வேறு வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், பொய் சொன்னது இல்லை, அந்த மூன்றாம் தரம் அமுக்கினதுதான்.

"செரிண்ணா, நீ இன்னா பண்ணுவே" என்று சொல்லிவிட்டு அவள் திரும்ப ஓடினாள். என் மேல் அவளுக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை.

ஷெட்டைப் பூட்டினேன். சாவியை அரைஞாணில் முடிந்தேன். யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வண்டி ரிப்பேர் என்றால் ஓடிப் போய்த் தூக்கவாவது கை கொடுக்கலாம் இல்லையா, அதுகூடச் செய்யவில்லை, போனால் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயம். என்ன செய்வதென்று தெரியாமல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தேன். ஆமாம், சாப்பிட்டேன். ரெண்டு வாய் வைத்திருப்பேன், அப்போது சத்தம் கேட்டது.

எட்டு சிலிண்டர் வண்டி எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். அதன் சத்தம் எனக்குத் தெரியாதா, இரண்டு வருஷம் காதைக் கொடுத்துக் கேட்டு நானே டியூன் பண்ணின சத்தம். ஷெட் பக்கம் கிளம்பி, லைனுக்குள் வந்து, என் வீட்டு வாசலைத் தாண்டி, கொஞ்ச தூரம் போய் நின்றது. பேச்சுச் சத்தம், கதவு சாத்துகிற சத்தம், மறுபடி கிளம்பி ரோட்டுப் பக்கம் போய்விட்டது. எவனோ வண்டியைத் திருடுகிறான் என்றால் நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பையில் கை விட்டுப் பார்த்தேன், ரோட்டர் இருந்தது. அரைஞாணைத் தொட்டேன், சாவி இருந்தது. வேறு எதோ துரை வண்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் போதும், பார்த்திருக்கலாம். திறந்தால் என்னை யாராவது பார்ப்பார்களே. மிச்சச் சாப்பாட்டையும் சாப்பிட்டு முடித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். லைனில் பொம்பளைகள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு அம்மா, "நல்லா இருப்பேப்பா நீ, நேரத்துக்கு வந்தே, போய்ச் சேந்துட்டீங்களா" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஷெட்டுக்கு நடந்தேன். பூட்டு நான் போட்டபடியே தொங்கியது. திறந்தேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

நான் முதலில் பார்த்தது எதை என்று சொல்லட்டுமா? சீட்டைப் பார்த்தேன். ஏழுமலை என்ன ஆனான் என்று நினைப்பதற்கு முன்னால் சீட்டைத் தடவிப் பார்த்தேன். வெல்வெட் சுத்தமாக இருந்தது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அதற்கு அப்புறம்தான் பானட்டில் கை வைத்தேன், சுட்டது. ரேடியேட்டர் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. காலையில் துடைத்த டயரின் வெள்ளைப் பட்டையில், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டி வைத்த சயனைட் மேட்டின் தூசு அப்பியிருந்தது, ஆஸ்பத்திரி ரோட்டில் போனால்தான் அந்தத் தூசு ஒட்டும். துண்டுச் சீட்டை எடுத்து மைல் மீட்டரோடு ஒத்துப் பார்த்தேன். ஒன்பது மைல் கூட ஓடியிருந்தது. போக நாலரை, வர நாலரை. பானட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, ரோட்டர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன், காலியாக இருந்தது. அந்த இடத்தில் விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

நாலு மணிக்குப் பெங்களூர்க்காரர் வந்தார். ரோட்டரைப் போட்டேன், ஒரே அமுக்கில் பிடித்தது. அவர் பானட்டில் கை வைத்து, "எங்கியாவது ஓட்டினு போயிருந்தியா, சூடா கீதே" என்று கேட்டார். டெஸ்ட் பண்ணினேன் சார் என்றேன். சீட்டைத் தட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அவருடைய டிரைவர் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனான். வண்டி ரோட்டு வளைவில் மறைந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, தொலைந்தது என்றுதான் இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலைக்குத் தையல் போட்டு, மயக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் நின்றிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். பச்சையம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

"ஸ்டார்ட் ஆவாத வண்டிய எப்டிண்ணா எடுத்துக்கினு வந்தே? தெய்வம் மாரி வந்து நின்னே. ஒரு வார்த்தகூடப் பேசல, எறக்கி வுட்டுட்டு அப்டியே போய்ட்டே. சீட்டெல்லாம் ரத்தம் ஆயிடிச்சிண்ணா. காலைல வந்து நானே கழுவித் தரேன், மனசுல வெச்சிக்காதே."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அம்மா, வந்தது நான் இல்லை, நான் வீட்டில் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அதெல்லாம் நானே பாத்துக்கறேம்மா" என்றேன்.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக்குப் பெரிய மனுஷன். வண்டியை அன்றைக்கே விற்றதைக்கூட, ரத்தம் பட்ட வண்டியைப் பாவம் என்ன விலைக்குத் தள்ளினாரோ என்று லைனே பேசியது. பெங்களூர் ஒர்க்ஷாப் ஆசை விட்டுப்போனது, கார் பக்கமே போகவில்லை, பழைய வேலையிலேயே கிடந்தேன். ஏழுமலை வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் அழைப்பு எனக்கு. அவன் மகள் கல்யாணத்தில் மணமேடையில் என்னை நிற்க வைத்து மாலை போட்டு, எங்க வீட்டு விளக்கு அணையாமல் காத்தவர் இவர் என்று அவன் மச்சான் மைக்கில் சொன்னான். கை தட்டினார்கள். மாலை கழுத்தில் அரிக்க அரிக்க நின்றேன், ஏழுமலை கீழே முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை கிளம்பிப் போவேன், அவள் காபி கொண்டு வந்து வைப்பாள், குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் போயிற்று. ஏழுமலைக்கு மார்பில் தூசு இறங்கி, அண்டர்கிரவுண்ட் ஆட்கள் நிறையப் பேருக்கு வருகிற அந்த இருமல் வந்து, கட்டிலோடு கட்டிலாக ஆகிவிட்டான். ஒருநாள் மத்தியானம் சொல்லி அனுப்பினான். பச்சையம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், அவனும் நானும்தான். இன்றைக்கு விட்டால் இல்லை என்று தைரியம் வந்தது.

"ஏழுமல, ஒண்ணு சொல்லணும். அந்த ஞாயித்துக்கெழம..."

"வந்தது நீ இல்ல. தெரியும்" என்றான்.

அவன் மூச்சு இழுத்து இழுத்துப் பேசினான்.

"பச்சையம்மாவுக்குத் தெரியாது. அவ முதுகத்தான் பாத்தா. நான் படுத்துக்கினு கண்ணாடில அவன் மூஞ்சியப் பாத்துக்கினே போனேன். உன் மூஞ்சிதான், உன் நீலச் சட்டதான். ஆனா அவன் வழி நெடுக கண்ணாடில என்னெ நேராப் பாத்துக்கினு வந்தான்யா. நீ அன்னிலருந்து ஒரு நாளு என்னெ நேராப் பாத்திருக்கியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன், அப்போதும் அவனை நேராகப் பார்க்கவில்லை.

"எறக்கி வுடறப்போ பச்சையம்மா ஆளக் கூப்ட உள்ள ஓடினா. இது நீ இல்லன்னு எனக்கு ஒரு சந்தேகம் வந்து, செல்வராஜு எங்கன்னு அவனையே கேட்டேன். ஊட்ல சோறு துன்னுக்கினு கீறான், அவன வுடுன்னான்."

நான் சாப்பிட்ட விஷயம் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கே நான் சொன்னதில்லை.

இத்தனை வருஷமும் ஏன்யா கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீ எங்கள் வீட்டுக்கு வரமாட்டாய், அதனால்தான் என்றான். பத்து நாளில் போய்விட்டான். பச்சையம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டதாக ஒரு சாக்கு வைத்திருக்கிறேன், உண்மையில் அவன் அப்படி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் எதோ கண் மயக்கம், காது மயக்கம் என்று நானே இப்போது உங்களிடம் வாதாடியிருப்பேன். போன மாசம் ஆண்டர்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண், இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தை, நேராக என்னிடம் வந்தாள்.

"அய்யா, என்னெத் தெரீலயா? அன்னிக்கு மழைல நீங்க மட்டும் கார நிறுத்தலன்னா இவன் இன்னிக்கி இல்ல. பேரு கூட சொல்லாம போய்ட்டீங்களே" என்றாள்.

அந்த வண்டியை விற்ற பிறகு நான் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டினதில்லை. எந்த மழை, எந்தக் கார் என்று கேட்டிருக்கலாம். நான் இல்லையம்மா என்றாவது சொல்லியிருக்கலாம். சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. குழந்தையின் தலையில் கை வைத்து, நல்லா இருக்கட்டும்மா என்று சொல்லிவிட்டு, எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.